பளு தூக்கும் பயிற்சியும் தொடக்கக் கருவிகளும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கருவிகள் பற்றி ஆராய அமைக்கப்பெற்ற மூவர் குழுவின் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு)

    

இலக்கியச் சொற்பொழிவுகளையும் இன்னிசையையும் கேட்டுப் பழகிய இந்த மேடையில் இன்று இரும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இரும்பு நமக்கு அயலான பொருள் அன்று. 1959 ஆம் ஆண்டு முதல் ஊதுலை தொடங்கப்பெற்ற நாள்தொட்டு இரும்போடு உறவாடி வரும் ஊர் இந்தப் பிலாய். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் உலை எரிவதே உருக்காலையில் உலை எரிவதால்தான். ஆயினும், இரும்பை உருக்கும் கலை வேறு. அதை உடலால் தூக்கும் கலை வேறு. முன்னதில் தேர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உளர். பின்னதில் நாம் அனைவரும் தொடக்க மாணவர்களே.

இந்தப் பேச்சுக்கு நேர்ந்த காரணத்தை நீங்கள் அறிவீர்கள். சென்ற கோடையில் நம் காலனி இளைஞர் ஒருவர், கடையில் வாங்கிய கம்பியும் தட்டுகளும் கொண்டு மாடி அறையில் தனியே பயிற்சி செய்தார். கம்பியின் ஒரு முனையில் இருந்த திருகுப் பூட்டு தளர்ந்தது, தட்டுகள் நழுவின, மறுமுனை கனத்தால் கம்பி சுழன்று கால்மேல் விழுந்தது. இரண்டு விரல்களில் எலும்பு முறிவோடு அவர் தப்பினார். அதன்பின் பல வீடுகளில் இப்பயிற்சிக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே வேளையில், நம் சங்கத்தின் பின்புற அறையைப் பயிற்சிக் கூடமாக்கித் தரவேண்டும் என்று இளைஞர்கள் ஒரு விண்ணப்பம் கொடுத்தனர். அதில் கையெழுத்திட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள் என்பதையும் செயற்குழு கண்டது.

வேண்டவே வேண்டாம் என்றனர் சிலர். வாங்குவதென்றால் எல்லாவற்றையும் வாங்கிவிடுவோம் என்றனர் வேறு சிலர். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று கண்டறியுமாறு எங்களைப் பணித்தனர். உண்டு என்பதே எங்கள் விடை. அந்த இளைஞரைக் காயப்படுத்தியது பளு தூக்கும் பயிற்சி அன்று. பூட்டு, தரை, துணை ஆகிய மூன்றும் இல்லாமையே ஆகும். ஆதலின், குறைந்த பொருள்களை, சரியான வரிசையில், சோதித்து வாங்க வேண்டும். இதுவே நாங்கள் கூற வந்த செய்தியின் சாரம்.

தூக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தென்பாண்டிச் சீமையின் ஊர்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கின்றது. உருண்டு திரண்ட அக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் வீசுபவனே திருமணத்திற்கு ஏற்ற ஆண்மகன் என்று மதித்த காலம் ஒன்று இருந்தது. கர்லாக்கட்டை சுழற்றுவதும் தண்டால் எடுப்பதும் நம் முன்னோர் அறிந்தவையே. ஆனால் கல்லுக்கும் கம்பிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கல்லின் எடை மாறுவதில்லை. தூக்க முடியுமா, முடியாதா என்ற ஒரே கேள்வியைத்தான் அது கேட்கும். கம்பியின் எடையையோ அரைக் கிலோ, ஒரு கிலோவாகக் கூட்டிச் செல்லலாம். போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு வளர்ந்தாய் என்று அது கேட்கின்றது. மெலிந்தவரும் பெண்களும் நடுவயதினரும் இப்பயிற்சியில் இடம்பெற முடிவது இந்த ஒரு வசதியால்தான்.

பெண்களுக்கு இது தகுமா என்ற வினாவிற்கு வரலாறே விடை கூறிவிட்டது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான பளு தூக்கும் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. அம்முதல் முறையிலேயே ஆந்திர நாட்டுக் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. 2021 ஆம் ஆண்டு டோக்கியோவில், மணிப்பூரின் மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். நம் வேலூரைச் சேர்ந்த சதீஷ்குமார் சிவலிங்கம் 2014 இலும் 2018 இலும் காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கம் வென்றதை இங்குள்ள யாவரும் அறிவர். நம் பிள்ளைகள் எல்லோரும் பதக்கம் பெறவேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. முதுகு நிமிர்ந்து, படிக்கட்டில் மூச்சு வாங்காமல், தன் உடலைத் தானே ஆளும் பிள்ளைகள் வளர்ந்தால் போதும்.

பயிற்சியின் இயல்பை அறிந்தால்தான் கருவியின் தேவை விளங்கும். போட்டியில் இரண்டு முறைகள் உண்டு. தரையிலுள்ள கம்பியை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் ஏற்றி நிறுத்துவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்குக் கொணர்ந்து, பின்னர்த் தலைக்கு மேல் உந்தி நிறுத்துவது கிளீன் அண்டு ஜெர்க். பிரஸ் என்ற மூன்றாவது முறை 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்குடன் கைவிடப்பட்டது. இரு முறைகளிலும் கம்பி தரையிலிருந்து புறப்படுகின்றது. தவறினால் தரையிலேயே விழுகின்றது. எனவே வாங்க வேண்டிய முதற் பொருள் கம்பியன்று, தரையே என்பதை முதலில் வலியுறுத்துகின்றோம்.

தரை

பயிற்சி தரைத்தளத்தில்தான் நிகழவேண்டும். மாடி அறை கூடாது. நம் சங்கத்தின் பின்புற அறை தரைத்தளத்தில் இருப்பது நற்பேறு. எட்டடிக்கு நான்கடி அளவில் விற்கப்படும் கனமான ஒட்டுப்பலகைகள் மூன்று போதும். இரண்டு பலகைகளை அருகருகே இட்டால் எட்டடிச் சதுரம் கிடைக்கும். அவ்விரண்டும் சேரும் கோட்டை மூடுமாறு மூன்றாம் பலகையை நடுவே இட்டுத் திருகாணியால் பொருத்த வேண்டும். இருபுறமும் இரண்டிரண்டு அடி எஞ்சும். அங்கே அதே உயரத்திற்குத் தடித்த ரப்பரைப் பரப்ப வேண்டும். இப்பொழுது தூக்குபவர் நிற்பது மரத்தின் மீது; தட்டுகள் விழுவது ரப்பரின் மீது. கால் வழுக்காது, தரை உடையாது, அடுத்த வீட்டார்க்கு ஓசையும் குறையும்.

ரப்பருக்காக நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. கனிமமும் நிலக்கரியும் சுமந்து தேய்ந்த கன்வேயர் பெல்ட்டின் வலிமையை நம் ஊரார்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. முறைப்படி ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து, ரசீதுடன் வாங்கினால் அதனினும் சிறந்த விரிப்பு வேறில்லை. ரசீதுடன் என்ற சொல்லை அழுத்தியே கூறுகின்றோம்.

கம்பி

ராடு என்று கடைக்காரர் சொல்லும் கம்பியில்தான் ஏமாற்றம் மிகுதி. ஆடவர் போட்டிக் கம்பி 20 கிலோ எடையும் 220 சென்டிமீட்டர் நீளமும் உடையது. பிடிக்கும் இடத்தில் அதன் குறுக்களவு 28 மில்லிமீட்டர். பெண்டிர் கம்பி 15 கிலோ எடையும் 201 சென்டிமீட்டர் நீளமும் உடையது; பிடி 25 மில்லிமீட்டர். இரண்டிற்கும் தட்டு மாட்டும் முனைகள் 50 மில்லிமீட்டர் பருமன் கொண்டவை. ஆதலால் ஒன்றிற்கு வாங்கிய தட்டு மற்றொன்றிற்கும் பொருந்தும்.

இங்கே எங்கள் குழுவின் பரிந்துரை சிலருக்கு வியப்பளிக்கலாம். சங்கம் வாங்கும் முதற் கம்பி பெண்டிர்க்குரிய 15 கிலோ கம்பியாகவே இருக்கட்டும். அதில் மகனும் பயிலலாம், மகளும் பயிலலாம், தாயும் பயிலலாம். பிடி மெல்லியதாகையால் சிறு கைகளுக்கும் அடங்கும். நீளம் குறைவாகையால் நம் சிறு அறைக்கும் பொருந்தும். 20 கிலோ கம்பியை முதலில் வாங்கினால், அதை வெறுமையாகவே தூக்கித் திணறுவோர் மூலையில் ஒதுங்கி வேடிக்கை பார்க்க நேரிடும். ஆண்மைக்கு இழுக்கு என்று எந்த இளைஞரும் எண்ண வேண்டாம். கம்பியின் இரு முனையிலும் தட்டு ஏறிய பின்னர் அது எவருடைய கம்பி என்று தோள் கேட்பதில்லை.

கடையில் கம்பியை எவ்வாறு சோதிப்பது? முதலாவதாக, எடைபோட்டுப் பாருங்கள். சந்தையில் விற்கும் பல மெல்லிய கம்பிகள் இவ்வெடைகளுக்குப் பாதியும் இருப்பதில்லை. இரண்டாவதாக, சமதரையில் உருட்டுங்கள். நேரான கம்பி சீராக உருளும், வளைந்தது துள்ளும். மூன்றாவதாக, முனைகளைச் சுழற்றுங்கள். கம்பியின் முனை தனியே சுழலவேண்டும். அது சுழலாவிடில், தூக்கும்பொழுது தட்டுகளின் சுழற்சி முழுவதும் மணிக்கட்டைத் திருகும். நான்காவதாக, பிடியிலுள்ள சொரசொரப்பைத் தடவிப் பாருங்கள். கை வழுக்காத அளவு போதும். தோலை உரிக்கும் அளவு ஆகாது.

ஐந்தாவது சோதனையை உங்களில் பலர் எங்களைவிட நன்கு அறிவீர்கள். சாதாரண மென்னுருக்குக் கம்பி பாரம் ஏறினால் வளையும். வளைந்தது வளைந்தபடி நிற்கும். நல்ல கம்பி வில்லுருக்கின் இயல்புடையது. பாரத்தில் சற்று வளைந்து, இறக்கியவுடன் நேராகும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை எழுத்தில் தரும் வணிகரிடமே வாங்குதல் நன்று. மீரட்டிலும் ஜலந்தரிலும் விளையாட்டுக் கருவித் தொழில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அங்கிருந்து வரவழைத்தாலும், பெட்டியைப் பிரித்தவுடன் இச்சோதனைகளைச் செய்த பின்னரே ஏற்க வேண்டும்.

தட்டுகளும் பூட்டுகளும்

தட்டு வாங்கும்பொழுது முதலில் பார்க்கவேண்டியது துளையை. மெல்லிய கம்பிக்குரிய சிறு துளைத் தட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்கிவிட்டால் 50 மில்லிமீட்டர் முனையுள்ள நல்ல கம்பியில் அவை ஒருநாளும் ஏறா. ஒருமுறை சிறு துளையில் செலவிட்ட குடும்பம், பிற்காலத்தில் கம்பி, தட்டு இரண்டையும் புதிதாக வாங்க நேரும். மலிவு என்பது அங்கே இருமடங்குச் செலவாகின்றது. மணலோ சிமெண்டோ நிரப்பிய பிளாஸ்டிக் தட்டுகளையும் தவிர்க்க வேண்டும். அவை கீழே விழுந்தால் வெடிக்கும்.

பெரிய எடைகளில் ஆசை வைப்பது இளமையின் இயல்பு. தொடக்கத்தில் பயன் தருவனவோ சிறிய எடைகளே. 10 கிலோ, 5 கிலோ, 2.5 கிலோ, 1.25 கிலோ, அரைக் கிலோ ஆகியவற்றில் ஒவ்வோர் இணை போதும். அனைத்தையும் ஏற்றினால் கம்பியோடு சேர்த்து 53.5 கிலோ ஆகும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. அந்தச் சிற்றடியே அரைக் கிலோத் தட்டு. இருபுறமும் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒரு கிலோ கூடும். அது இல்லாவிடில் அதைவிடப் பெரிய அளவில் தாவ நேர்ந்து, தாவும் இடத்தில் முதுகு நோகும்.

10 கிலோ இணை ரப்பரால் ஆனதாகவும் 45 சென்டிமீட்டர் குறுக்களவுடையதாகவும் இருத்தல் வேண்டும். போட்டித் தட்டின் அளவு அதுவே. அத்தட்டு ஏறினால் கம்பியின் நடு, தரைக்கு 22.5 சென்டிமீட்டர் மேலே நிற்கும். சிறிய தட்டுகளோடு தரையில் வைத்தால் கம்பி மிகத் தாழ்ந்திருக்கும்; அதை எட்டக் குனிபவரின் முதுகு கூன் விழும். எனவே 10 கிலோ ஏற்றும் வலிமை வராதவர்களுக்காக, இருபுறமும் வைக்க மரக்கட்டைகள் செய்து, கம்பியை அதே உயரத்திற்குக் கொணர வேண்டும். தச்சர் ஒருவர் அரைநாளில் செய்து தருவார். வாங்கும் பொருள்களிலெல்லாம் விலை குறைந்தது இதுவே, முதுகைக் காப்பதில் முதன்மையானதும் இதுவே.

பூட்டைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. சென்ற கோடையே கூறிவிட்டது. அழுத்தமான சுருள்வில் பூட்டு, அல்லது நெம்பி இறுக்கும் பூட்டு, இரண்டு இணை வாங்க வேண்டும். தளர்ந்ததைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும் முன்னும் இருபுறமும் தொட்டுப் பார்ப்பது நம் கூடத்தின் முதல் விதியாகட்டும்.

காலணியும் கைப்பொடியும்

ஓடுவதற்குரிய மெத்தென்ற காலணி இப்பயிற்சிக்குப் பகை. பாரம் ஏறும்பொழுது அதன் அடி அமுங்கி, கணுக்கால் தள்ளாடும். பளு தூக்குவோர்க்கென்றே உள்ள காலணியில் அடி கெட்டியாகவும் குதிகால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயர்ந்தும் இருக்கும். ஆழ்ந்து அமரும்பொழுது முதுகு நிமிர்ந்து நிற்க அது உதவும். ஆயினும் முதல் ஆண்டிலேயே அதை வாங்க வேண்டியதில்லை. தட்டையான கெட்டி அடியுள்ள கான்வாஸ் காலணி போதும். செருப்போடு தூக்குவது மட்டும் கூடவே கூடாது.

பிலாய்க் கோடையில் உள்ளங்கை வியர்வையை உறிஞ்ச மெக்னீசியம் கார்பனேட் என்னும் வெண்பொடி வேண்டும். வீட்டில் முகத்திற்குப் பூசும் டால்கம் பவுடரை அதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். அது வழுக்கலை மிகுவிக்கும். நிறத்தால் ஒத்தவை செயலால் நேர் எதிரானவை.

காத்திருக்க வேண்டியவை

இடுப்புப் பட்டை, கையுறை, மணிக்கட்டு வார், பல உறுப்புகளுக்கு ஒரே இயந்திரம் ஆகியவை விளம்பரங்களில் முதலிடம் பெறுகின்றன. எங்கள் பட்டியலில் அவற்றிற்கு இடமில்லை. பட்டை தானாக முதுகைக் காப்பதில்லை. வயிற்றுத் தசையை இறுக்கி அதன்மேல் அழுத்தக் கற்றவர்க்கே அது துணையாகும். அக்கலையைப் பட்டையின்றிக் கற்பதே முறை. கையுறை கம்பியைத் தடிப்பாக்கிப் பிடியைக் கெடுக்கும். இயந்திரமோ கூடத்தின் நிதி முழுவதையும் விழுங்கி, ஒரு நேரத்தில் ஒருவர்க்கே இடம் தரும். நாம் கூறிய தரையும் கம்பியும் மாலை ஒன்றில் ஐவர் மாறி மாறிப் பயில இடந்தரும். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்ற முதுமொழி இங்கும் பொருந்தும்.

காசில்லாமல் கிடைக்கும் இரண்டு கருவிகளையும் கூறிவிடுகின்றோம். ஒன்று, ஐந்தடி நீள மூங்கிற் கழி. முதல் நான்கு வாரம் அதைக்கொண்டே அசைவுகளைப் பழக வேண்டும். கழியால் செய்யத் தெரியாததை இரும்பால் செய்ய முயல்வது ஆழம் அறியாமல் காலை விடுவதாகும். மற்றொன்று, ஒரு குறிப்பேடு. நாள், எடை, எத்தனை முறை ஆகிய மூன்றையும் எழுதி வருபவர், தம் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் தாமே காண்பார்.

பெற்றோர்க்கு

பளு தூக்கினால் பிள்ளைகளின் வளர்த்தி குன்றும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. தக்க மேற்பார்வையில், அளவறிந்து செய்யும் பயிற்சியால் வளர்த்தி குன்றுவதில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. உலக இளையோர் போட்டிகளில் 13 வயதினரும் பங்கு கொள்கின்றனர். தீங்கு வருவது பளுவால் அன்று. பெருமைக்காகத் தாவுவதாலும் தனியே பயில்வதாலும்தான். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உடையோரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. மூச்சை அடக்கித் தூக்கும் கணத்தில் இரத்த அழுத்தம் சட்டென உயரும் என்பதை மறவாதீர்கள்.

கருவி எவ்வளவு நன்றாயினும் கற்பிக்கும் கண் ஒன்று வேண்டும். பாட்டியாலாவில் 1961 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயின்ற பயிற்சியாளர் ஒருவரை, வாரம் இருமுறையேனும், முதல் மூன்று மாதங்களுக்கு அழைக்க வேண்டும். கம்பியைத் தவறவிட்டு விலகுவது எப்படி என்பதே அவர் கற்பிக்கும் முதற் பாடமாக இருக்கட்டும்.

அன்பர்களே! எங்கள் பரிந்துரைகளைத் தொகுத்துக் கூறி முடிக்கின்றோம். முதலில் தரை, அடுத்து 15 கிலோ கம்பி ஒன்று, சிறு தட்டுகள், இரண்டு இணைப் பூட்டுகள், மரக்கட்டைகள், அதன்பின் வெண்பொடி. இவற்றிற்குப் போக எஞ்சும் தொகை பயிற்சியாளர்க்கே. வாரத்தில் மூன்று மாலைகள் ஆடவர்க்கும் மூன்று மாலைகள் பெண்டிர்க்கும் சமமாகப் பகிரப்பட வேண்டும். இருவர் இல்லாமல் அறைக் கதவு திறக்கலாகாது. ஓராண்டிற்குப் பின், குறிப்பேடுகளைப் பார்த்து, 20 கிலோ கம்பி தேவையா என்று முடிவு செய்யலாம்.

தடை விதித்தால் நம் பிள்ளைகள் தூக்காமல் இருக்கப்போவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாமல், மாடியறையில், தளர்ந்த பூட்டோடு தூக்குவார்கள். அவர்களை நம் கூரையின் கீழ், நல்ல தரையின் மீது, நல்ல துணையோடு தூக்கச் செய்வது இச்சங்கத்தின் கடமை. வரும் பொதுக்குழுவில் இத்தீர்மானத்திற்கு ஆதரவளிக்குமாறு உங்கள் எல்லோரையும், குறிப்பாகப் பெண் மக்களைப் பெற்ற பெற்றோரை, பணிவோடு வேண்டிக்கொள்கின்றோம்.